முதுகுவலிக்காரரின் தசையை யார் பார்ப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். முதுகுவலி பற்றி உங்கள் நாளிதழில் வரும் கட்டுரைகளைத் தவறாமல் படிப்பவன். எலும்பு, டிஸ்க், நரம்பு, உட்காரும் விதம், படுக்கும் மெத்தை என்று எல்லாம் அவற்றில் வந்துவிடுகின்றன. தசை மட்டும் வருவதில்லை; வந்தாலும் "முதுகுத் தசைகளைப் பலப்படுத்த வேண்டும்" என்ற ஒரே வரியோடு போய்விடுகிறது. எந்தத் தசை, அது இப்போது என்ன நிலையில் இருக்கிறது, பயிற்சி செய்த பிறகு மாறியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதை யாரும் சொல்வதில்லை. அதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்களே, அதே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். அதைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2023-ல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பின்படி, 2020-ல் கீழ்முதுகு வலியோடு வாழ்ந்தவர்கள் 61.9 கோடிப் பேர். இப்படியே போனால் 2050-ல் அது 84.3 கோடியாகும் என்று அதே ஆய்வு மதிப்பிடுகிறது. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத்தான் நாள்பட்ட வலி என்கிறோம். இப்படி வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணம் ஒன்றும் கிடைப்பதில்லை. ஆனால் அவர்கள் கையில் எம்ஆர்ஐ கவர் ஒன்று கட்டாயம் இருக்கும். அதைத் திறந்து ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, "எனக்கு டிஸ்க் தேஞ்சுபோச்சு, இனி குனியவே கூடாதாம்" என்று சொல்பவர்களை வாராவாரம் பார்க்கிறேன். நாற்பது வயதில் குனியாமல் ஒருவர் எப்படி வாழ்வது? குனியாமலே இருந்தால் அந்த முதுகு என்ன ஆகும்?

2015-ல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது, 80 வயதில் அது 96 சதவீதம். டிஸ்க் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், இவர்கள் யாருக்கும் வலி இல்லை. தலைமுடி நரைப்பதைப் போல வயதோடு வருகிற மாற்றங்கள் இவை. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டால் உலகத்தில் பாதிப் பேர் நோயாளிகள்தான். இந்த எண்களை ரிப்போர்ட்டோடு சேர்த்து யாராவது அவர்களுக்குச் சொல்லியிருந்தால், பாதிப் பயம் அன்றைக்கே போயிருக்கும்.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், அதே எம்ஆர்ஐ படத்தில் குறுக்குவெட்டாகப் பார்த்தால் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் தசைகள் பளிச்சென்று தெரியும். எங்கே மெலிந்திருக்கிறது, எங்கே கொழுப்பு படிந்திருக்கிறது என்று பழகிய கண் பார்த்த உடனே சொல்லிவிடும். ஆனாலும் பெரும்பாலான ரிப்போர்ட்டுகளில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது. டிஸ்க்குக்கு ஒரு பக்கம், தசைக்கு ஒன்றுமில்லை.

நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வருவது மல்டிஃபிடஸ் என்ற தசையைப் பற்றி. முதுகெலும்பை ஒட்டி, மற்ற எல்லா முதுகுத் தசைகளுக்கும் உள்ளே, இரண்டு பக்கமும் ஓடுகிறது. முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து கிளம்பும் இதன் நார்கள் சில கட்டைகள் (முதுகெலும்பின் தனித்தனி எலும்புகளைத்தான் கட்டை என்கிறேன்) தாண்டிக் கீழே போய்ப் பிடித்துக்கொள்கின்றன. மேல்முதுகில் மெல்லியதாக இருப்பது கீழே வர வர தடிக்கிறது. இடுப்பின் கடைசி இரண்டு கட்டைகள் இருக்கும் இடத்தில் முதுகெலும்புக்குப் பக்கத்தில் இருக்கும் சதையில் பெரும்பங்கு இதுதான். வலி எங்கே என்று கேட்டால் ஆட்கள் கையைப் பின்னால் கொண்டுபோய் வைக்கிற இடமும் அதுவேதான். 1995-ல் வெளிவந்த ஆய்வக ஆய்வு ஒன்றில், தசைகள் இழுக்கும்போது நான்காவது, ஐந்தாவது இடுப்பு எலும்புகளுக்கு இடையே ஏற்பட்ட உறுதியில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மல்டிஃபிடஸ் தந்தது என்று கண்டார்கள்.

இவ்வளவு வேலை செய்கிற தசை, அடிபட்டால் வெகு சீக்கிரம் சுருங்கிவிடுகிறது. 2006-ல் பன்றிகளிடம் ஒரு டிஸ்க்கில் காயம் உண்டாக்கிப் பார்த்தபோது, மூன்றே நாளில் அந்தக் கட்டைக்கு நேரான இடத்தில், அந்தப் பக்கத்தில் மட்டும் தசை மெலிந்திருந்தது. மூன்று நாள் சும்மா இருந்தால் தசை இப்படி ஒரே இடத்தில், ஒரே பக்கத்தில் மெலியாது. அடிபட்ட இடத்துக்கு நேராக நரம்பு மண்டலம் அந்தத் தசைக்குப் போகும் உத்தரவைக் குறைத்துவிடுகிறது என்றுதான் இதை விளக்குகிறார்கள். வேறு காரணங்களும் சேரலாம். பெர்லினில் ஆரோக்கியமான இளைஞர்களை 8 வாரம் படுக்கையிலேயே வைத்துச் செய்த ஆய்விலும் மல்டிஃபிடஸ் மெலிந்தது. முதுகுவலிக்கு "பெட் ரெஸ்ட்" என்று வாரக்கணக்கில் படுக்கச் சொல்வதை இன்று எந்த வழிகாட்டியும் ஏற்பதில்லை.

மனிதர்களிடம் இதை அல்ட்ராசவுண்டில் காட்டியவர்களில் முக்கியமானவர், அப்போது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த ஜூலி ஹைட்ஸ் என்ற பிசியோதெரபிஸ்ட். 1994-ல் அவரும் சக ஆய்வாளர்களும், ஒரு பக்கம் மட்டும் வலியோடு வந்த 26 பேரையும் வலியில்லாத 51 பேரையும் ஸ்கேன் செய்தார்கள். வலியில்லாதவர்களுக்கு இடது வலது வித்தியாசம் சராசரியாக 3 சதவீதம்தான். வலி உள்ளவர்களுக்கு 31 சதவீதம்! அதுவும் முதுகு முழுக்க இல்லை, வலி இருந்த கட்டையில், வலி இருந்த பக்கத்தில்.

அப்புறம் 1996-ல் அதே குழு இன்னொன்றைக் காட்டியது. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. முதல் முறையாக முதுகுவலி வந்த 39 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கமான மருத்துவ ஆலோசனையும் மாத்திரையும். இன்னொரு பகுதியினருக்கு அதோடு நான்கு வாரம் மல்டிஃபிடஸுக்கென்றே பயிற்சி. இரண்டு தரப்பிலும் வலி கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் குறைந்தது, எல்லோரும் வழக்கமான வேலைக்குத் திரும்பினார்கள். ஆனால் 10 வாரம் கழித்து ஸ்கேன் செய்து பார்த்தால், பயிற்சி செய்யாதவர்களின் தசை பழைய அளவுக்கு வரவேயில்லை. வலி போயிருக்கிறது, தசை திரும்பவில்லை. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்யாதவர்களில் 84 சதவீதம் பேருக்கு வலி திரும்ப வந்திருந்தது, செய்தவர்களில் 30 சதவீதம். சின்ன ஆய்வு என்பதையும், முதல் முறை வலி வந்தவர்களைப் பற்றியது என்பதையும், வருடக்கணக்காக அவதிப்படுகிறவர்களுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் "வலி போயிடுச்சு, இனி எதுக்கு எக்சர்சைஸ்" என்று பாதியில் நிறுத்துகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்த ஆய்வைத்தான்.

சரி, ஸ்கேன் எப்படிச் செய்கிறோம்? நோயாளி குப்புறப் படுத்துக்கொள்வார். இடுப்பின் உள்வளைவு குறைந்து முதுகு தட்டையாக வருவதற்காக அடிவயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை. கொஞ்சம் ஜெல் தடவி, ப்ரோப்பை, அதாவது உடம்பில் வைத்து நகர்த்தும் கைக்கருவியை, முதலில் இடுப்பின் அடியில் திருவெலும்பின் மேல் நெடுக்காக வைப்போம். திரையில் அது சாய்ந்த வெள்ளைக் கோடாகத் தெரியும். அங்கிருந்து கட்டை கட்டையாக மேலே எண்ணிக்கொண்டே போய் வேண்டிய இடத்தில் நிறுத்தி, நடுவிலிருந்து மெல்லப் பக்கவாட்டுக்கு நகர்த்தி, உள்பக்கம் லேசாகச் சாய்த்தால், எலும்பு மூட்டுகள் வரிசையாகச் சின்னச் சின்னக் கூம்புகளாகத் தெரியும். அவற்றின் உச்சியிலிருந்து மேலே தசையுறையின் வெள்ளைக் கோடு வரை இருக்கும் கறுப்பும் சாம்பலுமான பட்டைதான் முதுகுத் தசை. அந்தத் தூரத்தை அளப்போம். பெரியவர்களுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் இருக்கும், ஆளுக்கு ஆள் மாறும். ஒரு முறை அளந்தால் போதாது, மூன்று முறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். பிறகு அவரை எதிர்ப்பக்கக் கையை மடக்கியபடி மேசையிலிருந்து ஒரு 5 சென்டிமீட்டர் தூக்கச் சொல்வோம், சில சமயம் கையில் சின்ன எடையும் கொடுப்போம். கை மேலே போகும்போது உடம்பு தன்னைத் தாங்கிக்கொள்ள இந்தத் தசை தானாக இறுகும், திரையில் பட்டை தடிக்கும். ஓய்வில் எவ்வளவு, இறுகும்போது எவ்வளவு என்ற வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

எம்ஆர்ஐயால் அன்றாடம் செய்ய முடியாத காரியம் இது. அங்கே ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும். இங்கே அசைவதைத்தான் பார்க்கிறோம். கதிர்வீச்சு கிடையாது, வேண்டிய தடவை திரும்பச் செய்யலாம், நோயாளியும் கூடவே திரையைப் பார்க்கலாம். தசையை அல்ட்ராசவுண்டில் அளப்பதே புதிய விஷயமில்லை, 1968-லேயே ஜப்பானில் மேற்கையின் தசைப் பரப்பை இப்படி அளந்து அதன் பலத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். 2006-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் கூடிய நிபுணர்கள், மறுவாழ்வுச் சிகிச்சையில் இந்த ஸ்கேனை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறை செய்தார்கள். தசையின் வடிவத்தையும் வேலையையும் மதிப்பிடுவது, பயிற்சியின்போது நோயாளிக்குக் காட்டுவது, இதுதான் அதன் சாரம். நோயைக் கண்டுபிடிப்பது இதில் வராது, அது கதிரியக்க மருத்துவரின் வேலை.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். "எனக்கு ஏற்கெனவே பத்து நாள் அல்ட்ராசவுண்ட் வச்சாங்களே, ஒண்ணும் தெரியலையே" என்று பலர் சொல்வார்கள். அது வேறு மெஷின். 1 அல்லது 3 மெகாஹெர்ட்ஸில் ஒலியலையை உள்ளே அனுப்பி, திசுவைச் சூடாக்க முயலும் சிகிச்சைக் கருவி அது. அதில் திரையில் படம் எதுவும் வராது, தசையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்வது திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்கும் கருவி. சிகிச்சை அல்ட்ராசவுண்டை நாள்பட்ட முதுகுவலிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. இடுப்பு பெல்ட்டையும், இழுவைச் சிகிச்சையையும் அதே பட்டியலில் வைத்திருக்கிறது. பரிந்துரைத்திருப்பது உடற்பயிற்சி, நோயாளிக்குப் புரியவைப்பது, மனரீதியான ஆதரவு போன்றவற்றை. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? படுக்க வைத்துக் கரண்ட் வைப்பதற்கு அரை மணி நேரம், பயிற்சி சொல்லித்தர ஐந்து நிமிடம், அதுவும் கையில் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்து. என் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்து வருத்தப்படலாம், இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தத் தாளில் இருக்கும் பயிற்சியைச் சரியாகச் செய்கிறோமா என்று நோயாளிக்கு எப்படித் தெரியும்? பைசெப்ஸ் என்றால் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் மல்டிஃபிடஸை யாரும் பார்த்ததும் இல்லை, அது இறுகுவதைத் தனியாக உணர்ந்ததும் இல்லை. "மெதுவாக உள்ளே வீங்க வையுங்கள்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே இருக்கும் பெரிய தசைகளை முறுக்கிக்கொள்வார்கள். என்னிடம் வந்த ஒருவர், பல வருடமாக பெல்ட் இல்லாமல் வீட்டை விட்டு வெளியே போகாதவர். ஸ்கேனில் அவருடைய வலதுபக்கப் பட்டை கையைத் தூக்கியதும் நன்றாகத் தடித்தது. இடது பக்கம் அப்படியே கிடந்தது. திரையை அவர் பக்கம் திருப்பி, "இந்தக் கோட்டைப் பாருங்க, இது மேலே ஏறணும், மூச்சைப் பிடிக்காதீங்க, முதுகை வளைக்காதீங்க" என்றேன். முதலில் கோடு முழுதுமாகக் குலுங்கியது, அது தசை இறுகியதால் அல்ல, அவர் உடம்பே அசைந்ததால். விட்டுவிட்டு, மூச்சை வெளியே விட்டுக்கொண்டே திரும்ப முயன்றார். கோடு மெல்ல, ஒரு பக்கமாக, கொஞ்சமே கொஞ்சம் எழுந்தது. "இப்ப நான்தானே அதைச் செஞ்சேன்?" என்று கேட்டார். அவர்தான் செய்தார். வலி அன்றைக்கே போய்விடவில்லை, அப்படிப் போகும் என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் தன் முதுகு தன் பேச்சைக் கேட்கிறது என்று அவர் பார்த்துவிட்டார். அதன் பிறகுதான் பயிற்சியைத் தொடர்ந்து செய்தார், பெல்ட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.

இது ஒருவருடைய அனுபவம்தான். 2006-ல் ஆரோக்கியமானவர்களிடம் நடத்திய ஆய்வு ஒன்றில், திரையைப் பார்த்துக்கொண்டே பழகியவர்கள் மல்டிஃபிடஸை இறுக்குவதில் சொல்லிக்கொடுத்து மட்டும் பழகியவர்களைவிட முன்னேறினார்கள், அந்த முன்னேற்றம் ஒரு வாரம் கழித்தும் நிலைத்தது. கிரிக்கெட் ரசிகர்களுக்கு இன்னொன்று. ஆஸ்திரேலியாவின் முன்னணி இளம் வீரர்களுக்கான பயிற்சி முகாமில் முதுகுவலி இருந்தவர்களுக்கு இப்படித் திரையைக் காட்டிப் பயிற்சி கொடுத்தபோது, பக்கத்துக்குப் பக்கம் இருந்த தசை வித்தியாசம் குறைந்தது, வலியும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது என்று 2008-ல் எழுதினார்கள்.

தசையோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் ஹெலீன் லாஞ்ஜ்வின் குழு, கீழ்முதுகில் தசையைச் சுற்றியிருக்கும் உறைத் திசுவை அல்ட்ராசவுண்டில் பார்த்து, நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு அது சுமார் 25 சதவீதம் தடித்திருப்பதை 2009-ல் கண்டது. இரண்டு வருடம் கழித்து, குனியும்போது அந்த உறையின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவது அவர்களுக்கு ஏறத்தாழ 20 சதவீதம் குறைவாக இருப்பதையும் காட்டியது. அது வலியால் வந்ததா, வலிக்கு முன்பே இருந்ததா என்பதை அந்த ஆய்வை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் "முதுகு இறுகிக் கிடக்கு" என்று நோயாளி சொல்லும்போது அதை மனப்பிரமை என்று தள்ளிவிட வேண்டாம் என்பதற்கு எனக்கு அது போதும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இந்த ஸ்கேனின் எல்லை என்ன என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்லவில்லை என்றால் நான் விளம்பரம் எழுதியவனாகிவிடுவேன்.

முதலாவது, இது பிடிக்கிற கையைப் பொறுத்தது. ப்ரோப் சில டிகிரி சாய்ந்தால் படம் மாறும், கொஞ்சம் அழுத்தினால் தசை நசுங்கி அளவு குறையும், ஒரு கட்டை மாற்றி வைத்தால் மொத்தக் கணக்கும் தப்பு. கொழுப்பு படிந்த தசை திரையில் வெளுப்பாகத் தெரியும் என்பது உண்மை, ஆனால் மெஷினின் வெளிச்ச அளவை ஏற்றினாலும் நல்ல தசையும் வெளுப்பாகத்தான் தெரியும். உடல் பருமனாக இருப்பவர்களுக்குப் படம் மங்கலாகும். பயிற்சி பெற்ற ஒரே ஆள், அதே மெஷினில், அதே செட்டிங்கில், அதே நிலையில் படுக்க வைத்து எடுத்தால்தான் இரண்டு மாதம் முன்பு எடுத்ததோடு ஒப்பிடலாம். ஒரு இடத்தில் எடுத்த எண்ணை இன்னொரு இடத்து எண்ணோடு ஒப்பிட்டு "குறைஞ்சுபோச்சு" என்று கவலைப்படுவது வீண்.

தசை தடிப்பதும் பலமும் ஒன்றல்ல. லேசாக இறுக்கும்போது தடிப்பு ஏறும், அதற்கு மேல் எவ்வளவு பலமாக இறுக்கினாலும் தடிப்பு அதே விகிதத்தில் ஏறாது. இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் நோய், மேலே இருந்தால் நலம் என்று ஒரு கோடும் கிடையாது. ஆணா பெண்ணா, வயது, உயரம், எடை, செய்யும் வேலை எல்லாவற்றையும் பொறுத்து மாறும். வலியே இல்லாமல் இரண்டு பக்கமும் வித்தியாசமாக இருப்பவர்களும் உண்டு, ஒரே கையால் விளையாடும் வீரர்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிதாகப் படுகிற எல்லை வேறொன்று. தசையின் தடிப்பு கூடியதற்கும் வலி குறைந்ததற்கும் நேரான தொடர்பு இருக்கிறதா என்று 2014-ல் ஓர் ஆய்வுத் தொகுப்பு தேடியது. நம்பிச் சொல்லும் அளவுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2016-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கோக்ரேன் அமைப்பின் தொகுப்பு, இந்த உள்தசைகளைக் குறிவைத்துச் செய்யும் பயிற்சி நாள்பட்ட முதுகுவலிக்கு உதவுகிறது, ஆனால் மற்ற உடற்பயிற்சிகளைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியாது என்றது. நடப்பது, நீந்துவது, எடை தூக்கிப் பழகுவது, யோகா, எதுவாக இருந்தாலும் விடாமல் செய்தால் பலன் உண்டு. பிறகு இந்த ஸ்கேன் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

எல்லோருக்கும் தேவையில்லை என்பதுதான் என் பதில். நடக்கச் சொன்னால் நடந்து, பயிற்சி சொன்னால் செய்து, வலி குறைந்துவருகிறவருக்கு எந்தப் படமும் வேண்டாம். மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் முன்னேற்றம் இல்லாமல் எங்கே தவறுகிறது என்று தெரியாதவருக்கு, அசைந்தால் உடைந்துவிடும் என்று பயந்து முதுகை மரக்கட்டையாக வைத்திருப்பவருக்கு, முதுகில் ஆபரேஷன் செய்து தசையை விலக்கித் தைத்திருப்பவருக்கு, நீண்ட நாள் படுக்கையில் இருந்து எழுந்தவருக்கு, இவர்களுக்கு இது நிஜமாகவே உதவுகிறது. அதுவும் பயிற்சியோடு சேர்ந்தால்தான். ஸ்கேன் எடுத்துவிட்டுப் பயிற்சி சொல்லித்தராமல் அனுப்பினால் நோயாளிக்கு மிஞ்சுவது இன்னொரு ரிப்போர்ட்.

அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. டிஸ்க் தேய்மானம் என்ற சொல்லை வைத்து ஒரு தலைமுறையையே குனியவிடாமல் செய்துவிட்டோம். இப்போது "உங்க தசை செத்துப்போச்சு", "இடது பக்கம் வேலையே செய்யலை" என்று ஆரம்பித்தால் அதே கதை திரும்ப நடக்கும். வேறொரு இடத்தில் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்த ஒரு அம்மா என்னிடம், "என் மல்டிஃபிடஸ் செயலிழந்துடுச்சாம், இனிமே பேரனைத் தூக்க முடியாதாம்" என்று அழுதார். யார் சொன்னார்களோ, சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் மெலிந்த தசை பயிற்சியால் தேறும் என்பதையும், மெலிந்த தசையோடே வலியில்லாமல் வாழ்பவர்கள் ஏராளம் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு முதல் பயிற்சியாக நான் கொடுத்தது, தரையிலிருந்து ஒரு சின்னப் பையை எடுப்பது. அப்புறம் கொஞ்சம் கனமான பை.

இன்னொன்றும் விட்டுவிடக்கூடாது. அல்ட்ராசவுண்ட் ஒலியலை எலும்பைத் தாண்டி உள்ளே போகாது. டிஸ்க் நரம்பை அழுத்துகிறதா, தண்டுவடத்தில் என்ன நடக்கிறது என்பதையெல்லாம் இதில் பார்க்க முடியாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறுகிறது, இரு தொடைகளுக்கு நடுவே மரத்துப்போகிறது, கால் வலுவிழந்துகொண்டே போகிறது என்றால் பிசியோவிடம் வந்து நேரத்தை வீணாக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது, கீழே விழுந்து அடிபட்டது என்றாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இவர்களுக்குத்தான் எம்ஆர்ஐயும் மற்ற சோதனைகளும் உண்மையாகவே அவசியம்.

முதுகுத் தசையை ஸ்கேன் செய்யலாம் என்று யாராவது சொன்னால், வாசகர்கள் தயங்காமல் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. இதைப் பார்த்து என் சிகிச்சையில் என்ன மாற்றப் போகிறீர்கள்? நானும் திரையைப் பார்க்கலாமா? சில வாரம் கழித்து அதே ஆள் அதே முறையில் திரும்பப் பார்ப்பாரா? முதல் கேள்விக்குப் பதில் இல்லை என்றால் ஸ்கேன் வேண்டாம் என்று சொல்லிவிடலாம், அதில் தப்பே இல்லை. என் சக பிசியோக்களிடம் கேட்பது, மெஷின் வாங்குவதற்கு முன்னால் கையைப் பழக்குங்கள். ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப அளந்து உங்கள் எண்கள் ஒத்துவருகின்றனவா என்று பார்க்காமல் நோயாளியின் எண்ணை எழுதாதீர்கள். கதிரியக்க மருத்துவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் முதுகுத் தசை எப்படி இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள், கூடவே இந்த வயதில் இந்த மாற்றங்கள் வலியில்லாதவர்களுக்கும் சகஜம் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், ஆசிரியர் ஐயா. முதுகுவலிக் கட்டுரைகளோடு நீங்கள் வழக்கமாகப் போடும் படத்தில் இடுப்பு எலும்பின் மேல் சிவப்பாக ஒரு வட்டம் எரிந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கிறவருக்கு எலும்பு உடைந்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றும். அடுத்த கட்டுரைக்கு அந்தப் படத்தை விட்டுவிட்டு, எலும்பைச் சுற்றித் தசைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று ஒரு வரைபடம் போடுங்கள். வரைபடமும் விளக்கமும் தேவைப்பட்டால் எழுதித்தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட், உங்கள் வாசகர்